புது ஷாக் அப்சார்பர் மாட்டிய பிறகு முன்பக்கம் சத்தம்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

புது ஷாக் அப்சார்பர் மாட்டிய கார் முதல் வேகத்தடையிலேயே ‘டொக்’ என்று சத்தமிட்டால், பலரும் உடனே சொல்வது “ஷாக் சரியில்லை” என்பதுதான். கடைக்காரரிடம் வாக்குவாதம், பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது, வேறு கம்பெனி ஷாக் வாங்கி மாட்டுவது, மறுபடியும் அதே சத்தம். இந்தச் சுழலில் பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். ஷாக்கே பழுதாக வருவதும் உண்டுதான். ஆனால் அதைவிட அதிகம் நடப்பவை இரண்டு. ஒன்று, மாட்டும்போது கழற்றிய நட்டோ வாஷரோ ரப்பரோ தன் இடத்தில் சரியாக உட்காமல் போவது. இன்னொன்று, பழைய ஷாக் தளர்ந்து கிடந்தவரை வெளியே தெரியாத வேறொரு தேய்ந்த உறுப்பு, புது ஷாக்கின் இறுக்கத்தில் சத்தமிடத் தொடங்குவது. ஆகவே எதையெல்லாம் கழற்றினோம் என்ற கேள்வியிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். கை வைத்த இடங்களை முதலில் பாருங்கள்; கை வைக்காத பழைய உறுப்புகளை அடுத்துப் பாருங்கள்; ஷாக்கைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

எந்த உறுப்பு எங்கே இருக்கிறது

மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, டாடா டியாகோ, ஹோண்டா சிட்டி போன்ற சிறிய, நடுத்தரக் கார்களின் முன்பக்கம் இருப்பது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்பதுதான் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய இந்த அமைப்பு, 1950-இல் அறிமுகமான பிரிட்டிஷ் ஃபோர்டு கார்கள் மூலம் பரவியது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இத்தகைய கார்களுக்கானது. இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பானட்டைத் திறந்தால் இடமும் வலமும், சக்கரத்துக்கு நேர் மேலே, தகட்டில் ஒரு வட்டமான மேடு தெரியும். ஸ்ட்ரட்டின் தலை அங்கேதான் பிடித்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு பெரிய நட்டு. சில கார்களில் அதன்மேல் ரப்பர் மூடி இருக்கும். அதற்குக் கீழே வரிசையாக ரப்பர் மவுண்ட், பேரிங், மேல் ஸ்பிரிங் சீட், ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குள் ஷாக்கின் தண்டு, தண்டைச் சுற்றி, ஷாக் அடிவரை அமுங்கி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பர், அதற்கு வெளியே தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி இரண்டு பெரிய போல்ட்டுகளால் நக்கிளோடு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்போடு, சேர்ந்திருக்கிறது. ஸ்ட்ரட்டின் உடம்பில் பிரேக் ஹோஸுக்கும் ஏபிஎஸ் வயருக்கும் பிடிப்புகள் உண்டு. வளைவில் கார் சாயாமல் இடவலச் சக்கரங்களை இணைக்கும் கம்பி ஸ்டெபிலைசர் பார்; பல கார்களில் அதன் லிங்க் ராடும் ஸ்ட்ரட்டில்தான் வந்து சேர்கிறது. கீழே சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்ம், அதன் இரண்டு புஷ்கள் (ரப்பர் மூட்டுகள்), ஒரு பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு). பக்கவாட்டில் ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து வரும் டை ராடு.

ஒன்றை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். இந்த அமைப்பில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்பும். தலையில் பேரிங் இருப்பதே அதற்காகத்தான். ஆகவே நின்ற காரில் ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பும்போது வரும் சத்தத்துக்கும், குழியில் சக்கரம் இறங்கும்போது வரும் சத்தத்துக்கும் காரணங்கள் வேறு வேறாக இருக்கும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு இடங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகக்கூடாது. சமதரை, கை பிரேக், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, உறுதியான ஜாக் ஸ்டாண்ட் ஆகிய நான்கும் இல்லாமல் தலையையோ கையையோ உள்ளே கொடுக்காதீர்கள்.

இரண்டாவது ஆபத்து ஸ்பிரிங். 900 கிலோ எடையுள்ள சிறிய காரில் பாரத்தின் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் கார் சும்மா நிற்கும்போதே சுமார் 250 கிலோ சுமையைத் தாங்குகிறது. சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டாலும் அது முழுவதும் தளர்வதில்லை. தலையில் உள்ள நடு நட்டு அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. கார் தரையில் நிற்கும்போது அந்த நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கலாம், இறுக்கலாம். அதைத் தளர்த்துவது மட்டும், ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றி, ஸ்பிரிங் கம்ப்ரெஸரால் ஸ்பிரிங்கை அழுத்திய பிறகுதான். கம்ப்ரெஸரைக் கையாண்டு பழக்கம் இல்லாதவர்கள் அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். வெளியேயிருந்து சத்தத்தைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

பல்வலி வந்தவருக்கு எந்தப் பல் வலிக்கிறது என்று உடனே சொல்ல வராது. கார்ச் சத்தமும் அப்படித்தான். இரும்புத் தகட்டின் வழியே பரவி, இடதுபக்கச் சத்தம் வலதுபக்கம் கேட்கும். ஸ்ட்ரட் தலையின் சத்தம் டாஷ்போர்டிலிருந்து வருவதுபோல் இருக்கும். அதனால் சத்தத்தை நினைத்தபோது வரவழைக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை.

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி ஆகியவற்றின் பிடிப்பைப் பாருங்கள். கதவுப் பைகளிலும் கையுறைப் பெட்டியிலும் இருக்கும் தண்ணீர் பாட்டில்களை எடுத்துவிடுங்கள். சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். இந்தச் சோதனை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டும். சிறிய கார்களில் இந்த நட்டுகளுக்கான அளவு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கு உரிய எண் கையேட்டில் உண்டு.

பிறகு, வாகனங்கள் அதிகம் வராத ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு வேகத்தடையும், ஒரு பக்கம் மட்டும் குழி உள்ள இடமும், சிறு சிறு மேடுபள்ளங்கள் நிறைந்த கொஞ்ச தூரமும் இருந்தால் போதும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் சொல்கிறது. நம் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் அதைவிடக் குறுகியவை, செங்குத்தானவை. கார்களின் முன்பக்கத்தை அவை படுத்தும் பாடு கொஞ்சமல்ல. சோதனைக்கு மட்டும் அவை நன்றாக உதவும்.

முதல் ஓட்டத்தில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி வேகத்தடையை நேராகக் கடந்து போங்கள். இரண்டாவது முறை ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி ஓட்டுங்கள். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்வதில்லை, அதன் லிங்க் ராடுகளுக்குப் பெரிய சுமையும் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் பார் முறுக்கி லிங்க்குகளை இழுக்கிறது. நேராகக் கடக்கையில் அமைதி, ஒரு பக்கம் இறங்கினால் ‘கட கட’ என்றால் சந்தேகம் நேரே லிங்க் ராடுக்குப் போகிறது. இரண்டிலும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் தலை, நக்கிள் போல்ட், ஷாக் என்ற வரிசையில் பார்க்கலாம்.

மூன்றாவதாக, மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் நின்றுவிட்டால் அது பிரேக் பேட் அல்லது கேலிப்பரின் ஆட்டம். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது பிரேக் ஹோஸையும் சில சமயம் கேலிப்பரையும் நகர்த்த வேண்டியிருப்பதால், பேடின் சிறிய ஸ்பிரிங் கிளிப் இடம் மாறியிருக்கலாம். ஷாக்கின்மேல் பழி விழும் சத்தங்களில் இதுவும் ஒன்று. சரிசெய்ய அதிக நேரம் ஆகாது.

நான்காவது சோதனை நின்ற இடத்திலேயே. எஞ்சின் ஓடட்டும். ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள். ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

ஒவ்வொன்றிலும் வேகம், எந்தப் பக்கம், என்ன மாதிரிச் சத்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

ஸ்ட்ரட் தலை: முதலில் பார்க்க வேண்டிய இடம்

குறைந்த வேகத்தில், சிறு மேடுகளில் கூட, கால் வைக்கும் தரையில் உணரும்படி ‘டொக் டொக்’ என்று வந்தால் நடு நட்டைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். காரணம் எளிது. பட்டறையில் இந்த நட்டை இம்பாக்ட் கன் வைத்து இறுக்குகிறார்கள். நட்டு நைலான் வளையம் உள்ளது. அந்த வளையம் மரையைக் கவ்வும்போது நட்டோடு சேர்ந்து ஷாக்கின் தண்டும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. கன் ஒரு நொடி கடகடத்து நிற்கும். இறுகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் மவுண்ட்டுக்கும் தண்டின் படிக்கும் (தண்டு மெலியும் இடத்தில் உள்ள விளிம்புக்கும்) நடுவே ஒரு மயிரிழை இடைவெளி மிஞ்சியிருக்கும். சக்கரம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் தண்டு அந்த இடைவெளியில் மேலும் கீழும் முட்டும். தண்டை வேகமாகச் சுற்றவிடுவது உள்ளே இருக்கும் சீலுக்கும் நல்லதல்ல.

கண்டுபிடிப்பது இப்படி. பானட்டைத் திறந்து, நடு நட்டின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, விரல் நுனிகளை நட்டின்மீதும் அதைச் சுற்றிய தகட்டின்மீதும் சேர்த்து வையுங்கள். இன்னொருவர் அந்த மூலையில் காரை அழுத்தி அழுத்தி விடட்டும். நட்டு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அழுத்தத்திலும் விரலுக்குக் கீழே ஒரு சிறு தட்டு உணரப்படும். காதுக்கு எட்டாத தட்டும் விரலுக்கு எட்டும். நன்றாக இருக்கும் மவுண்ட்டில் ரப்பர் மெதுவாக எழுந்து அமர்வது மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள்.

இறுக்கும்போது தண்டின் உச்சியில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயையோ, தட்டையான முனை என்றால் அதற்குரிய ஸ்பேனரையோ கொடுத்துத் தண்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டை இறுக்க வேண்டும். கடைசி அளவு கார்த் தயாரிப்பாளரோ ஷாக் தயாரிப்பாளரோ சொன்னதுதான். கை கனத்தை நம்ப வேண்டாம். நைலான் நட்டு ஒருமுறைப் பயன்பாட்டுக்கு உரியது. புது ஷாக்கோடு புது நட்டு பெரும்பாலும் பெட்டியிலேயே வரும்.

பெட்டி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடியும்வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். கேஒய்பி, கேப்ரியல், மன்ரோ, பில்ஸ்டீன் என்று எந்தக் கம்பெனி ஷாக்காக இருந்தாலும், நட்டும் சில மாடல்களில் வாஷரும் சிறிய பிளாஸ்டிக் பையில் அட்டைப்பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தண்டின் மேற்பகுதி அசலைவிட மெலிதாகவோ, படி சற்றுக் கீழேயோ இருக்கும் மாடல்களில் அந்த இடைவெளியை நிரப்பத்தான் அந்த வாஷர். அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் பழைய வாஷரைப் போட்டால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ‘டொக்’ நிற்காது.

அடுத்தது மவுண்ட். 70,000 கிலோமீட்டர் ஓடிய காரில் புது ஷாக்கைப் பழைய மவுண்ட்டிலும் பழைய பேரிங்கிலும் கோப்பது மிச்சம்பிடிப்பு அல்ல. ரப்பர் வெடித்து, நடு வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் புது ஷாக்கின் எதிர்ப்பை அது தாங்காது. மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், ரப்பர் உறை ஆகியவை ஷாக்கோடு சேர்த்து மாற்ற வேண்டியவை. ஏற்கெனவே கூலி கொடுத்துக் கழற்றிய இடத்தை இன்னொரு முறை கூலி கொடுத்துக் கழற்றுவதைவிட இது மலிவு.

‘டங்’ என்றால் ஸ்பிரிங்கும் பேரிங்கும்

நின்ற காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வரும் ‘டங்’, ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திடீரென விடுபடும் சத்தம். கை பிரேக் போட்டு, கார் நகராது என்று உறுதி செய்துகொண்டு, இன்னொருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பும்போது சக்கர வளைவின் உள்ளே கையை நீட்டி ஸ்பிரிங்கின் வெளிமுகத்தில் உள்ளங்கையை வையுங்கள். விரல்கள் சுருள்களின் இடையில் போகவே கூடாது. ஸ்பிரிங் ஸ்டீயரிங்கோடு சீராகத் திரும்பினால் பேரிங் நலம். சிறிது நேரம் அசையாமல் நின்று, பிறகு துள்ளித் திரும்பினால் பேரிங் சிக்குகிறது. பேரிங்கைத் தலைகீழாக வைத்துக் கோத்திருக்கலாம், மண் புகுந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். பேரிங் சிக்கினால் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரத் தயங்கும். அதுவும் ஓர் அடையாளம்.

பேரிங் சரி என்றால் ஸ்பிரிங்கின் கீழ் நுனியை டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ் சீட்டில் ஒரு படி இருக்கும். ஸ்பிரிங்கின் அறுத்த நுனி அந்தப் படியை ஒட்டி உட்கார வேண்டும். நுனி படியின்மேல் ஏறியிருந்தாலோ இரண்டு விரல் தள்ளி நின்றாலோ, ஓடும்போது ஸ்பிரிங் மெல்ல நகர்ந்து தன் இடத்தைத் தேடும். அப்போதெல்லாம் ‘டங்’ என்று கேட்கும். மேல் சீட்டின் ரப்பர் மடிந்தோ திரும்பியோ இருந்தாலும் இதேதான். இதைச் சரிசெய்ய ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அழுத்தித்தான் ஆக வேண்டும்.

பெரிய குழியில் மட்டும் ‘டம்’ என்று உடம்பே அதிரும்படி வந்தால் பம்ப் ஸ்டாப்பர் போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் ஷாக்கின் உள் வால்வு அடிவாங்கும். இதற்காகக் காரை நிறுத்திவைத்துச் சரிசெய்வது நல்லது.

கீழ்ப்பகுதி: நக்கிள் போல்ட், லிங்க் ராடு, பிடிப்புகள்

நக்கிளோடு சேரும் இரண்டு போல்ட்டுகளும் குறித்த அளவுக்கு இறுகாவிட்டால் ஸ்ட்ரட் தன் பிடிப்புக்குள் நகரும். முன்னே போகும்போது முதல் பிரேக்கில் ஒரு ‘டக்’, ரிவர்ஸில் முதல் பிரேக்கில் இன்னொரு ‘டக்’ என்று வந்தால் இங்கே பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றிப் பளபளவென்று புதிதாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் அது நகர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஒவ்வொரு நட்டையும் அளவுக்கு இறுக்கிய பிறகு, நட்டின்மீதும் அருகிலுள்ள இரும்பின்மீதும் சேர்ந்தபடி பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் கோடு ஒரே நேரில் இருந்தால் அந்த நட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

சிறு மேடுபள்ளங்களில் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ‘கட கட’ என்று தொடர்ந்து வரும் சத்தத்துக்கு லிங்க் ராடு பேர்போனது. அதன் இரு முனைகளிலும் சிறிய பால் ஜாயிண்ட்டுகள் உண்டு. கையால் பிடித்து ஆட்டினால் நல்ல லிங்க்கும் பழுதான லிங்க்கும் ஒன்றுபோலவே இருக்கலாம். கார் தரையில் நிற்கும்போது ராடை மேலும் கீழும் உலுக்கினால் ஆட்டம் ஓரளவு தெரியும். நட்டை இறுக்கும்போது பாலும் சேர்ந்து சுற்றும் என்பதால் இங்கேயும் ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. இரண்டு பக்கத்து லிங்க்குகளையும் ஸ்ட்ரட் முனையில் கழற்றி, எதிலும் உரசாமல் கட்டிவிட்டு, அதே சாலையில் மிக மெதுவாக ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றுவது அரைகுறைச் சோதனை. இரண்டையும் கழற்றினால்தான் பார் முழுவதும் வேலையை விட்டு விலகும். சத்தம் மறைந்தால் லிங்க் அல்லது பாரைக் காரோடு பிடித்திருக்கும் ‘டி’ புஷ். மறையாவிட்டால் இரண்டுமே நிரபராதிகள். வளைவுகளில் கார் அதிகம் சாயும் என்பதால் தெருவைத் தாண்டிப் போகாமல், சோதனை முடிந்ததும் உடனே மாட்டிவிடுங்கள்.

இடம் வலம் மாறிப் போவதும் உண்டு. ஸ்ட்ரட்டில் ‘எல்’, ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கும். மாறிப் போனால் லிங்க்கின் பிடிப்பும் ஹோஸின் பிடிப்பும் தவறான பக்கம் நிற்கும். ஹோஸ் இழுபடும், லிங்க் உரசும். ஏபிஎஸ் வயரின் பிடிப்பு மாட்டப்படாமல் தொங்கினால் ‘டிக் டிக்’ என்ற மெல்லிய தட்டல் வரும். சத்தம் சிறியதுதான், ஆனால் அந்த வயர் சக்கரத்தில் உரசி அறுந்தால் ஏபிஎஸ் செயலிழக்கும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றியபோது நக்கிள் வெளியே சாய்ந்து டிரைவ் ஷாஃப்ட்டை இழுத்திருக்கலாம். ஷாஃப்ட்டின் ரப்பர் உறைகள் கிழியாமல், பிதுங்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ‘டக் டக் டக்’ என்று வந்தால் அது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட். குழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய உறுப்புகள்

கை வைத்த இடமெல்லாம் சரியாக இருந்தால் இப்போது ஜாக்கி. சக்கரத்தைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் தலை என்று தேடல் நீளும். பிறகு சக்கரத்தின் இடதும் வலதும் பிடித்து ஆட்டுங்கள். அந்த ஆட்டம் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட். டை ராடின் மூட்டின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஆட்டச் சொன்னால் எந்த மூட்டு என்று கை சொல்லிவிடும்.

பால் ஜாயிண்ட்டைச் சோதிக்க, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே நெம்புகோல் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். மேக்ஃபர்சன் அமைப்பில் காரின் பாரம் ஸ்ட்ரட் வழியாகவே இறங்குவதால், சக்கரம் தொங்கும்போது இந்த மூட்டின் தேய்மானம் நன்றாகத் தெரியும். லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் அழுத்தும்போதும் விடும்போதும் கனமான ஒற்றை ‘டும்’ வந்தால் பெரும்பாலும் இந்தப் புஷ்தான்.

‘கிரீச்’ என்று ரப்பர் முனகும் சத்தத்துக்குத் தண்ணீர்ச் சோதனை கைகொடுக்கும். கையால் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒரு புஷ்ஷில் மட்டும் தெளித்துக் காரை அழுத்திப் பாருங்கள். சத்தம் நிற்கவில்லை என்றால் அடுத்த புஷ். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். அடங்கிவிட்டதே என்று எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவாதீர்கள். ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே ஏற்றது.

லோயர் ஆர்மின் போல்ட்டுகளைத் தளர்த்தி மாட்டியிருந்தால் இன்னொரு காரணமும் இருக்கிறது. சக்கரம் தொங்கிய நிலையில் அந்தப் போல்ட்டுகளை இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். முனகும், சீக்கிரமே கிழியும். காரின் பாரம் முழுவதும் சக்கரங்களில் இறங்கிய பிறகுதான் அந்த போல்ட்டுகளுக்குக் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். வேலை அவசரத்தில் அதிகம் மீறப்படும் விதி இதுதான் என்பேன்.

ஷாக்கே குற்றவாளியா

இவ்வளவுக்கும் பிறகு சத்தம் தொடர்ந்தால் ஷாக்கைப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்று: மேடு ஏறி இறங்கும்போது மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற ஓசை, வால்வு வழியே எண்ணெய் பாயும் ஓசை. அது இயல்பு. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதும் இயல்பு. எண்ணெய் உடம்பில் வழிந்து தூசி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது.

இரட்டைக் குழாய் ஷாக் படுக்கைவாட்டில் நாள்பட இருந்திருந்தால் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். முதல் சில மில்லிமீட்டருக்கு எதிர்ப்பே இல்லாமல் தண்டு ஓடி, பிறகு முட்டும். சத்தம் ‘டொக்’தான். மாட்டும் முன்பு ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுவதும் அழுத்தி முழுவதும் இழுப்பதைச் சில முறை செய்து, எதிர்ப்பு முழுத் தூரமும் சீரான பின், மறுபடி படுக்கவிடாமல் மாட்ட வேண்டும். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் கொஞ்ச தூரம் ஓட்டியதும் காற்று தானாக வெளியேறிச் சத்தம் அடங்கக்கூடும். நாட்கள் கடந்தும் அடங்காவிட்டால் கழற்றி, கையில் அழுத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்போதும் நடுவில் வெற்றிடம் தெரிந்தால் அந்த ஷாக் பழுதுதான். ஒற்றைக் குழாய் ஷாக்குகளில் வாயுவும் எண்ணெயும் மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் வகை

இவற்றில் இருப்பது டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம்கள் கொண்ட முன்பக்கம். இதில் ஸ்டீயரிங்கோடு ஷாக் திரும்புவதில்லை. ஆகவே பேரிங் சிக்கி வரும் ‘டங்’ இங்கே கிடையாது. ஷாக்கின் கீழ்முனையில் ஒரு புஷ், அதன் நடுவே ஒரு போல்ட். அந்தப் போல்ட்டையும் காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். மேல்முனையின் ரப்பர்களும் கிண்ண வாஷர்களும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்; கிண்ணம் தலைகீழானால் ரப்பர் நழுவும், இரும்பு இரும்பில் தட்டும். பால் ஜாயிண்ட் சோதனையிலும் வேறுபாடு உண்டு. ஸ்பிரிங் லோயர் ஆர்மில் அமர்ந்திருப்பதால், சேஸிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் கீழ் மூட்டிலேயே நின்று ஆட்டத்தை மறைத்துவிடும். ஜாக்கியை லோயர் ஆர்மின் அடியில் கொடுத்துத் தூக்கி, பிறகு சக்கரத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது

“அண்ணா, ஷாக் மாற்றியதிலிருந்து சத்தம் வருகிறது” என்றால் மெக்கானிக் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். “அண்ணா, இடது சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது, இருபது வேகத்தில், ‘கட கட’ என்று வருகிறது, பிரேக் அழுத்தினாலும் நிற்கவில்லை, லிங்க் இரண்டையும் கழற்றி ஓட்டினேன், சத்தம் போய்விட்டது” என்றால் அவர் நேரே அந்த இடத்துக்குப் போவார். நடு நட்டை இம்பாக்ட் கன் இல்லாமல், தண்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்கும்படி வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், நக்கிள் போல்ட்டின் துளையில் உள்ள சிறு இடைவெளியே கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, மாற்றப் போதுமானது. சத்தம் முற்றிலும் நின்ற பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவு இரண்டாகும். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் சக்கர நட்டுகளையும், பெயிண்ட் கோடு போட்ட மற்ற நட்டுகளையும் மறுபடி பாருங்கள். ஷாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் பில், பெட்டி, சத்தத்தின் பதிவு, எண்ணெய் வழிந்த இடத்தின் படம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். மாற்றித் தரும் ஷாக் அதே பகுதி எண் உடையதா என்று கடையிலேயே சரிபார்த்து வாங்குங்கள்.